வெயிட்டான உடம்போட யோகா ஆரம்பிக்கறவங்களுக்கு: தராசை ஓரமா வச்சுட்டு மூச்சுல இருந்து தொடங்குங்க

எடுத்த எடுப்புல ஒண்ணு சொல்லிடறேன். வெயிட் குறையணும்ங்கற ஒரே நினைப்போட யோகா ஆரம்பிச்சா ரெண்டு மாசத்துல வெறுத்துப் போயிடும். கணக்கு போட்டுப் பாருங்க, 95 கிலோ இருக்கற ஒருத்தர் அரை மணி நேரம் நிதானமா ஆசனம் பண்ணா செலவாகறது சுமார் 120 கலோரி, கிட்டத்தட்ட ரெண்டு இட்லி, அவ்ளோதான். தினம் பண்ணிட்டு தினம் தராசுல ஏறி நின்னா முள்ளு அசையாது, மனசு உடைஞ்சிடும். ஆனா அதே அரை மணி நேரம் தூக்கத்துக்கும், படபடப்புக்கும், நம்ம உடம்பை நாமளே திட்டிக்கிட்டு இருக்கோமே அந்தப் பழக்கத்துக்கும் நல்லது பண்ணும், அதுக்காக ஆரம்பிங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

நான் 101 கிலோ இருந்தப்போ முதல் தடவை ஒரு யோகா கிளாஸ் போனேன். எல்லாரும் சம்மணம் போட்டு உக்காந்தாங்க, எனக்கு முட்டி மடங்கல, காலை நீட்டி உக்காந்தேன். டீச்சர் கேக்காம கொள்ளாம பின்னாடி வந்து முதுகைப் பிடிச்சு அழுத்தினாங்க, "வயித்தை உள்ள இழுங்க, அதான் தடுக்குது"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ எட்டு மாசம் யோகான்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போயிடுவேன். அப்புறம் முட்டி வலிக்காக போன இடத்துல ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு சேரை இழுத்துப் போட்டு "இதுல உக்காந்து கையை மட்டும் தூக்குங்க, மூச்சோட சேர்த்து"ன்னாங்க. அங்கதான் எனக்கு ஆரம்பமே. அந்த எட்டு மாசம் உங்களுக்கு வீணாகக் கூடாது.

நம்ம மட்டும் தனியா இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோங்க. 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40 சதவீதம் பேரும் ஆண்கள்ல 37 சதவீதம் பேரும் பிஎம்ஐ 25-க்கு மேல, அதாவது உயரத்துக்கு இருக்க வேண்டியதை விட எடை அதிகம். இந்த எடைக்கும் மனசுக்கும் இருக்கற தொடர்பு ரெண்டு பக்கமும் ஓடும். பல வருஷம் ஆட்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2010-ல அலசினப்போ, உடல் பருமன் இருக்கறவங்களுக்கு பின்னாடி மனச்சோர்வு வர்ற வாய்ப்பு 55 சதவீதம் அதிகம்னும், மனச்சோர்வு இருக்கறவங்களுக்கு பின்னாடி பருமன் வர்ற வாய்ப்பு 58 சதவீதம் அதிகம்னும் வந்துச்சு. இது ஏதோ ஒரு ஹார்மோன் விஷயம் மட்டும்னு நினைக்காதீங்க. கல்யாண வீட்டுல "என்னடி இப்படி ஊதிட்ட"ன்னு கேக்கற அத்தை, "உங்க சைஸ் இல்லக்கா"ன்னு துணியை எடுக்காமலே சொல்ற கடைப்பையன், பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்தும் உக்காராம நிக்கற ஆளு, இதெல்லாம் வருஷக்கணக்கா உள்ள இறங்கி ஒரு கட்டத்துல அவங்க சொல்லாமலே நமக்கு நாமே சொல்ல ஆரம்பிச்சிடறோம். தூக்கம் கெடுது, தூக்கம் கெட்டா பசி ஏறுது, சாப்பிட்டா குற்ற உணர்ச்சி, அதுல மறுபடி தூக்கம் கெடுது.

முதல்ல டாக்டர்கிட்ட ஒரு தடவை

இதைத் தாண்டிப் போகாதீங்க. பிபி, சுகர், இதயம், கண் நாலையும் பாத்துட்டு வாங்க. பிபி 180/110-க்கு மேல நிக்குதுன்னா மருந்துல அதைக் கட்டுப்படுத்தின பிறகுதான் எந்தப் பயிற்சியும். இன்சுலின் போடறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடறவங்களும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுகரைப் பாருங்க, 100-க்கு கீழ இருந்தா ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க, பக்கத்துல சர்க்கரையோ குளுக்கோஸோ வச்சுக்கோங்க. சுகரால கண் நரம்பு பாதிச்சவங்க, கண் அழுத்தம் இருக்கறவங்க தலையைக் கீழ தொங்க விடற எந்த ஆசனமும் பண்ணவே கூடாது.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு குறட்டை. சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி முழிக்கறது, காலைல எந்திரிச்சா தலை கனமா இருக்கறது, பகல்ல உக்காந்த இடத்துல கண்ணு சொருகறது, இது இருந்தா அது தூக்கத்துல மூச்சு தடைபடற நோயா இருக்கலாம், ஸ்லீப் அப்னியான்னு சொல்வாங்க. உடம்பு கனம் உள்ளவங்களுக்கு அதிகமா வரும். எரிச்சல், மறதி, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கறதுன்னு மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். யோகா பண்ணா போயிடும்னு உக்காந்திருக்காதீங்க, ஸ்லீப் டெஸ்ட் எடுக்கணும்.

மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்க கவனிங்க. ஒலான்சபின், மிர்டாசபின் மாதிரி சில மருந்துகள்ல வெயிட் ஏறும், உண்மைதான். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க ப்ளீஸ், மாத்த முடியுமான்னு கொடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க. யோகா மருந்தோட கூட சேர்றது, மருந்துக்கு பதிலா வர்றது இல்ல.

என்னென்ன வேணும்

நல்ல சேர் ஒண்ணு. மரமோ இரும்போ, கை வைக்கற கட்டை இல்லாதது, சக்கரம் இல்லாதது. பிளாஸ்டிக் சேர் வேண்டாம், டைல்ஸ் தரையில கால் விரிஞ்சு போய் விழுந்தவங்களைப் பாத்திருக்கேன். சேரோட முதுகை சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கோங்க. உக்காந்தா பாதம் ரெண்டும் முழுசா தரையில பதியணும், தொடை இடுப்பை விட கொஞ்சம் கீழ இறங்கி இருந்தா வயித்துக்கு இடம் கிடைக்கும், அதனால குட்டை சேரா இருந்தா ஒரு போர்வையை மடிச்சு மேல போட்டு உயரத்தைக் கூட்டுங்க. அப்புறம் ரெண்டு தலகாணி, ஒரு பழைய துப்பட்டா, கால் வழுக்காத இடம். மேட் பின்னாடி வாங்கிக்கலாம், ஜமுக்காளம் சேர்ல பண்றப்போ போதும், ஆனா நின்னு பண்றப்போ அது வழுக்கும், எடுத்துடுங்க.

துணி பத்தி. குனிஞ்சா மேல ஏறிக்கற டாப்ஸ் போட்டா கவனம் பூரா அதை இழுத்து விடறதுலயே போகும். உள்ள ஒரு பனியனை பேண்ட்டுக்குள்ள சொருகிட்டு மேல தளர்வா காட்டன் போடுங்க. தொடை உரசற இடத்துல, மடிப்புல வேர்வை தங்கி புண்ணாகும், முடிச்ச உடனே துடைச்சு காய வச்சிடுங்க. கண்ணாடி முன்னாடி வேண்டாம், முதல் ரெண்டு மாசமாவது. நான் பீரோ கண்ணாடி மேல பெட்ஷீட்டைப் போட்டு மூடித்தான் ஆரம்பிச்சேன். முழு சாப்பாடு சாப்பிட்டா மூணு மணி நேரம் விடுங்க, நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

முதல் வாரம்: மூச்சு மட்டும், அஞ்சு நிமிஷம்

ஆசனமே வேண்டாம். சேர்ல உக்காருங்க, முட்டியை நல்லா அகட்டி வைங்க. வயிறு எங்க விழுதோ அங்க விழட்டும்.

இங்க கொஞ்சம் நின்னு சொல்லணும். கனமான உடம்பு உள்ளவங்கள்ல பாதிப் பேர் நாள் பூரா வயித்தை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கோம், யாராவது பாத்துடுவாங்கன்னு, போட்டோ எடுத்துடுவாங்கன்னு, இருபது வருஷமா இழுத்து இழுத்து அதை இழுத்திருக்கோம்னே மறந்து போச்சு. வயித்தை இறுக்கினா மூச்சு கீழ இறங்காது, நெஞ்சு மேல்பாகத்துலயும் தோள்லயும்தான் நிக்கும், குட்டி குட்டியா வேகமா போகும், பயந்தப்போ விடற மூச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான், உடம்பு தன்பாட்டுக்கு ஏதோ ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டே இருக்கும். அதனால முதல் வேலை வயித்தை விடறது. விட்டதும் சில பேருக்கு அழுகை வரும். எனக்கு மூணாவது நாள் வந்துச்சு, காரணமே தெரியல, வந்தா வரட்டும், துடைச்சுட்டு உக்காருங்க.

விட்டாச்சா, இப்போ ரெண்டு கையையும் விலாவோட பக்கத்துல வைங்க, வயித்து மேல இல்ல. வயித்துல கொழுப்பு அதிகமா இருந்தா உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சுத் தசை, கீழ இறங்க கஷ்டப்படும், அதனால "வயித்தை உப்ப விடுங்க"ன்னு சொன்னா நமக்கு ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். விலா பக்கவாட்டுல விரியறது நல்லா தெரியும். மூக்கு வழியா மனசுல நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12-ல இருந்து 20 தடவை மூச்சு விடறோம், இப்படி விட்டா ஆறு தடவை ஆயிடும். விடற மூச்சு நீளமாகறப்போ மூளையில இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், மருந்து மாயம் எதுவும் இல்ல, உடம்போட அமைப்பே அப்படி. நாலு-ஆறு முடியலன்னா மூணு-நாலு. எங்கயும் மூச்சை அடக்கிப் பிடிக்காதீங்க.

மூச்சை கவனிச்சாலே பதட்டம் கூடற ஆட்களும் உண்டு, அது தப்பில்ல, உங்களுக்கு யோகா ஒத்துக்கலன்னும் அர்த்தமில்ல. கண்ணைத் திறந்து வச்சுக்கோங்க, கவனத்தை மூச்சுல இருந்து பாதத்துக்கு இறக்குங்க, தரை எவ்ளோ குளுமையா இருக்கு, குதிகால் எங்க பதியுதுன்னு. இல்லனா வாயை மூடிட்டு "ம்ம்ம்"னு வண்டு மாதிரி ரீங்காரம் போடுங்க, அதுதான் பிராமரி. எண்ணவும் தேவையில்ல, ரீங்காரம் போட்டாலே விடற மூச்சு தானா நீளமாயிடும்.

ரெண்டாவது வாரத்துல இருந்து அசைவு

யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி ஆசனத்துக்கு சொன்ன இலக்கணமே ரெண்டு வார்த்தைதான், ஸ்திரம், சுகம். ஆடாம இருக்கணும், சுகமா இருக்கணும். தரையிலதான் உக்காரணும், தலை முட்டியைத் தொடணும்னு அதுல இல்ல. சேர்ல பண்றது பாதி யோகா, நோயாளி யோகான்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

மூச்சை இழுத்துக்கிட்டே ரெண்டு கையையும் முன்னாடி தூக்குங்க, விட்டுக்கிட்டே இறக்குங்க. தோள் வரைக்கும்தான் வருதா, போதும். ஆறு தடவை. அடுத்தது கையை முட்டி மேல வச்சு மூச்சை இழுக்கறப்போ நெஞ்சை முன்னாடி கொண்டு வாங்க, விடறப்போ முதுகை வளைச்சு பின்னாடி போங்க, பூனை மாதிரி. அப்புறம் ஒரு கையால சேரைப் பிடிச்சு இன்னொரு கையை மேல தூக்கி பக்கவாட்டுல சாயறது. திரும்பற ஆசனம் பண்றப்போ முட்டி ரெண்டையும் அகட்டிட்டு வயித்தையும் தொடைச் சதையையும் கையால கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணிட்டுத் திரும்புங்க, எந்த வீடியோவுலயும் இதை சொல்ல மாட்டாங்க, ஆனா இதுலதான் முக்கால்வாசி கஷ்டம் தீரும். நம்ம உடம்பை நாமளே அக்கறையா தொட்டு நகர்த்தறது பல பேருக்கு வருஷக்கணக்குல முதல் தடவையா இருக்கும்.

மூணாவது வாரம் நிக்கறது. சேர்ல இருந்து கையை ஊனாம எந்திரிச்சு மெதுவா உக்காருங்க, அஞ்சு தடவை, முடியலன்னா கையை ஊனியே. மனசுக்கு நான் பாத்ததுல ரொம்ப பலன் கொடுத்தது இதுதான், ஏன்னா தாழ்வான சோபால இருந்து யாரும் கை கொடுக்காம எந்திரிக்க முடியற அன்னைக்கு வர்ற தைரியம் சாதாரணமானது இல்ல. எந்திரிக்கறப்போ மூச்சை விடுங்க, பிடிச்சு வச்சுட்டு எந்திரிச்சா பிபி குப்புன்னு ஏறும். அதுக்கப்புறம் சுவத்துல ரெண்டு கையையும் தோள் உயரத்துல வச்சு பின்னாடி நகர்ந்து இடுப்புல மடிஞ்சு முதுகை நீட்டுங்க. தலை கைக்கு நடுவுல இருக்கட்டும், கீழ தொங்க வேண்டாம். சுகரால பாதம் மரத்துப் போனவங்க வெறுங்கால்ல நிக்காம பிடிப்பான செருப்போ ஷூவோ போட்டுக்கோங்க.

வேண்டாதது எதுன்னா, தலைகீழா நிக்கறது, தோள்ல நிக்கறது, படுத்துக்கிட்டே காலைத் தூக்கி தலைக்குப் பின்னாடி கொண்டு போற ஹலாசனம், இது மூணும் கழுத்து மேல மொத்த பாரத்தையும் ஏத்தும். கபாலபாதி, பஸ்த்ரிகான்னு வேகமா மூச்சு விடற பயிற்சி ரெண்டையும் "தொப்பை கரையும்"னு சொல்லி முதல் நாளே சொல்லிக் கொடுக்கறாங்க, பிபி, இதய நோய், குடலிறக்கம், நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் அது ஆகாது, பதட்டம் உள்ளவங்களுக்கு அந்த வேக மூச்சே படபடப்பைக் கிளப்பி விடும். நெஞ்சு வலி, தலைசுத்தல், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கறது வந்தா உடனே நிறுத்துங்க, நெஞ்சு வலி உக்காந்தும் அடங்கலன்னா 108.

படுக்கறது

கடைசியில மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கற சவாசனம் எல்லாருக்கும் சுகம்னு சொல்வாங்க, நமக்கு மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும். மேல் உடம்புக்கு கீழ தலகாணியை அடுக்கி சாஞ்ச மாதிரி படுங்க, முட்டிக்கு கீழ ஒரு போர்வைச் சுருட்டு. இல்லனா இடது பக்கமா ஒருக்களிச்சு முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சு படுங்க, கட்டில்லயே பண்ணலாம். தரையில படுத்தா எந்திரிக்கற வழியை முன்னாடியே பழகிக்கோங்க: பக்கவாட்டுல திரும்பி, கையை ஊனி, நாலு கால்ல வந்து, சேரோட உக்கார்ற பலகையைப் பிடிச்சு, ஒரு காலை முன்னாடி வச்சு எந்திரிங்க. தரையில மாட்டிக்குவோமோங்கற பயத்தாலயே பல பேர் கிளாஸுக்கு வர்றதில்ல.

ராத்திரி பசி

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கவனிக்கற பழக்கம் மூச்சுல ஆரம்பிச்சா கொஞ்ச நாள்ல சாப்பாட்டுக்கும் வரும். மிக்சர் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் அதே நாலு-ஆறு மூச்சு. அப்புறம் கேளுங்க, வயிறு காலியா, இல்ல ஆபீஸ்ல யாரோ சொன்னது இன்னும் நெஞ்சுல நிக்குதா? பசின்னா தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடுங்க, நின்னுக்கிட்டு டப்பால இருந்து வேண்டாம். மனசுன்னு தெரிஞ்சும் சாப்பிட்டாலும் பரவால்ல, திட்டிக்காதீங்க, கவனிச்சதே பயிற்சிதான். ஆனா வாரத்துக்கு ஒரு தடவையாவது கட்டுப்பாடே போய், வயிறு வலிக்கற அளவுக்கு, யாருக்கும் தெரியாம சாப்பிட்டுட்டு அப்புறம் அருவருப்பா இருக்கு, இது மாசக்கணக்கா ஓடுதுன்னா அதுக்குப் பேரு சோம்பேறித்தனமும் இல்ல, நாக்கு ருசியும் இல்ல, வைத்தியம் இருக்கற ஒரு மனநலப் பிரச்சனை. மனநல டாக்டரைப் பாருங்க.

கிளாஸ் தேடறவங்களுக்கு

போன்லயே மூணு கேள்வி கேளுங்க. சேர்ல பண்ண விடுவீங்களா? தொடறதுக்கு முன்னாடி கேப்பீங்களா? தினமும் வெயிட் பாப்பீங்களா? மூணாவதுக்கு "ஆமா"ன்னா வேற இடம் பாருங்க. காசு கொடுத்துத்தான் கத்துக்கணும்னும் இல்ல. தமிழ்நாட்டுல அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள், மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிகள் பலதுல யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கு, சென்னை அரும்பாக்கத்துல அரசு யோகா மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியுமே இருக்கு. அங்க இருக்கறவங்க அஞ்சரை வருஷம் பிஎன்ஒய்எஸ்ங்கற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு படிச்ச டாக்டருங்க, உங்க பிபி, சுகர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு சொல்லித் தருவாங்க. சென்னையில 1976-ல யோகா ஆசிரியர் தேசிகாச்சார் ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்துல ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆசனத்தை மாத்திக் கொடுக்கறதுதான் வழியே.

என்ன எழுதி வைக்கணும்

ஒரு நோட்டு போடுங்க. எடை எழுதாதீங்க. நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்னைக்கு மனசு பத்துக்கு எத்தனை, எத்தனை நிமிஷம் பண்ணேன், மாடிப்படியில எங்க மூச்சு வாங்கிச்சு, நாலே வரி. ஆறு வாரம் கழிச்சு பின்னாடி புரட்டிப் பாத்தா தராசுல தெரியாதது அதுல தெரியும். எனக்கு முதல்ல மாறினது தூக்கம்தான், அஞ்சாவது வாரத்துல. இது பத்தி வந்த ஆய்வுகள்லயும் மன அழுத்தமும் பதட்டமும் ஓரளவு குறையறதா சொல்றாங்க, பல ஆய்வு சின்னதுதான், அதனால அற்புதத்தை எதிர்பார்க்காதீங்க. நாலாவது வாரக் கடைசியில 20 நிமிஷத்துக்கு வந்தா போதும். நடை தனி, அதையும் மெதுவா கூட்டுங்க, வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதை முதல் மாசமே தொடணும்னு கட்டாயம் இல்ல.

அந்த நோட்டுலயே இன்னொண்ணும் தெரியும். ரெண்டு வாரமா பெரும்பாலான நாள் மனசு மூணுக்கு கீழயே கிடக்கு, பிடிச்சது எதுவும் பிடிக்கல, செத்துடலாமான்னு தோணுது, இப்படி எதுவா இருந்தாலும் 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல இருந்து நடக்குது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். சாகற எண்ணம் வந்தா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கூப்பிடுங்க, கூட ஒருத்தரை வச்சுக்கோங்க.

நடுவுல விட்டுப் போகும். காய்ச்சல், பீரியட்ஸ், ஊர்ல திருவிழா, பசங்க பரீட்சைன்னு பத்து நாள் போயிடும். விட்ட இடத்துல இருந்து 20 நிமிஷம் பிடிக்கப் பாக்காதீங்க, முதல் வாரத்து அஞ்சு நிமிஷத்துக்கே வாங்க, முட்டியை அகட்டி, வயித்தை விட்டு, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டு, அது ரெண்டு நாள். மூணாவது நாள் கையைத் தூக்குங்க.